கோலாவுக்கு எதுக்குத் தழையுரம்?

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் கோலா மீனைப் பற்றிப் பேசியது தப்பு என்று அபிஷேகப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். தப்பே இல்லை. கேட்டார்கள், சொன்னேன்.

அப்போது நான் விலங்கியல் முதுகலையில் கடைசி வருடம். ஆய்வுக்கு எடுத்திருந்தது கோலா. கேசரித் தட்டை நீட்டும்போது பையனின் அம்மா, "இன்னாம்மா படிக்கிற?" என்றார். "கோலாவப் பத்தி" என்றேன். "அப்ப சோடா கம்பெனியிலயா வேலை கெடைக்கும்?" என்றாரே பார்க்கலாம்! நான் சிரித்துவிட்டேன். பின்னாலிருந்து என் அம்மா முதுகில் கிள்ளினாள்.

சிரித்த பாவத்துக்கு விளக்கமாகவே சொன்னேன். கரைப் பக்கம் அதிகம் வராமல், ஆழ்கடலின் மேல்தண்ணீரில் கூட்டங்கூட்டமாகத் திரியும் மீன் அது. சூரை மாதிரிப் பெரிய மீன் துரத்தினால் வாலால் தண்ணீரை அடித்து எம்பி, துடுப்புகளை விரித்துக் காற்றில் சறுக்கும். பறவை மாதிரி சிறகடிக்காது. கோடையில் அது முட்டையிடும் சமயம் பார்த்து, மீனவர்கள் கொளிஞ்சிச் செடியைக் கட்டுக்கட்டாகக் கயிற்றில் கோத்து மிதக்கவிடுவார்கள். கோலா தேடிக்கொண்டு வரும்.

பையனின் அப்பா ஏம்பலத்தில் நெல்லும் கரும்பும் வைப்பவர். அதுவரை சும்மா இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கொளிஞ்சிய நாங்க நெலத்துல மடக்கி உழுவோம். மீனுக்கு எதுக்கும்மா தழையுரம்?"

"உரத்துக்கு இல்லீங்க. அதோட முட்டையில நூல் நூலா இருக்கும். நடுக்கடல்ல பாறையும் இல்ல, தரையும் எட்டாது. மெதக்கிற எதுலயாவது அந்த நூல் சுத்திக்கணும்."

அவர் இன்னும் கேட்டிருப்பார். அவர் மனைவி விடவில்லை.

"கடலுக்கெல்லாம் நீ போவியா?"

"அடுத்த வாரம் படகுல போறேன்."

"கல்யாணம்னு ஆயிட்டா இதெல்லாம் வாணாம்மா. படிப்பும் இதோட போதும்."

என் அப்பா உடனே, "அதெல்லாம் வுட்டுடும்" என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை எரிந்தது.

"வுட மாட்டேன்" என்றேன். பையனிடம் திரும்பி, "நீங்க இன்னா சொல்றீங்க?" என்று கேட்டேன். அவர் தன் அம்மாவைப் பார்த்தார். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அவர்கள் கார் கிளம்பியதும் அப்பா கத்தினார். "ஒரு மீனுக்காவ நல்ல எடத்தக் கெடுத்துக்கினியேடி!"

"கெட்டா கெடட்டும்" என்றேன். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

மறுவாரம் என் பேராசிரியருடன் ஃபைபர் படகில் போனேன். மூன்று முறை வாந்தி எடுத்தேன். வீட்டில் சொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்தை அவர்களுக்கு நான் கொடுப்பானேன்? வெயில் ஏறியபோது படகின் முன்னால் தண்ணீர் உடைந்து ஒரு கூட்டமே எழும்பியது. வெள்ளியும் நீலமுமாகப் பாய்ந்து தூரத்தில் விழுந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டே கத்தினேன். கொளிஞ்சிக் கட்டை இழுத்துப் பார்த்தால் இலையெல்லாம் முட்டை அப்பிக் கிடந்தது. அத்தனையும் நான் புத்தகத்தில் படித்தது. ஆனாலும் ஒவ்வொரு இலையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஆய்வு முடிகிற சமயத்தில் அப்பா கல்லூரி விடுதிக்குப் போன் செய்தார்.

"அந்தப் பையனுக்குக் கல்யாணம் முடிஞ்சிடுச்சாம்." குரலில் குத்தல் இருந்தது. "பொண்ணு பி.எஸ்சி. ரெண்டாவது வருசமாம். படிப்பு பாதியில நின்னுடுச்சாம்."

"நிக்கலப்பா" என்றேன். "நிறுத்திட்டாங்க."

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அப்பா வைக்கவில்லை.