சிங்க்கில் கொட்டிய ரிசல்ட்

பூந்தமல்லி பக்கம் ஒரு பார்மசி கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு நான் பயோகெமிஸ்ட்ரி எடுத்தபோது நடந்தது இது. அன்றைக்கு யூரின் டெஸ்ட் பிராக்டிகல். நோயாளியின் சாம்பிள் என்று குளுக்கோஸும் அசிட்டோனும் கலந்த கரைசலை நாங்களே தருவோம். ஒப்பிட்டுப் பார்க்க நார்மல் சாம்பிள் வேண்டுமே, அதற்கு மாணவர்கள் தங்களுடையதைக் கொண்டுவருவார்கள்.

திருநின்றவூரிலிருந்து வரும் ஜெபராஜ், சிங்க்கில் எதையோ கொட்டிக்கொண்டிருந்தான். டெஸ்ட் ட்யூபின் அடியில் செங்கல் நிறம்.

"என்னடா அது, பேஷண்ட் சாம்பிளா?"

"இல்ல மேடம், என்னுது. நார்மல்னா நீலமாத்தான இருக்கணும்? செவப்பா வந்துச்சு. அதான் கொட்டிட்டு கார்த்திக் கையில கொஞ்சம் வாங்கிகினேன்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நீரிழிவு, இன்சுலின், கீட்டோன் என்று வாரக்கணக்கில் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். இவன் தன் ரிசல்ட்டைக் கொட்டிவிட்டு நண்பனின் சிறுநீரை ஓசியில் வாங்கி வந்திருக்கிறான்!

புது ட்யூபில், புது சாம்பிளோடு, என் கண்முன்னே மறுபடி செய்ய வைத்தேன். சூடாக்கியதும் அதே செங்கல் நிறம், சிறுநீரில் சர்க்கரை. கீட்டோன் டெஸ்டில் ஊதா வளையம் பளிச்சென்று வந்தது. இன்சுலின் இல்லாததால் சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல், உடம்பு தன் கொழுப்பையே எரித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவனைச் சரியாகப் பார்த்தேன். சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"ஜிம் போறேன் மேடம், அதான் எளச்சிட்டேன்" என்றான், பெருமையாக.

அவன் அம்மாவுக்குப் போன் போட்டேன். "நல்லாத்தான் துன்றான் மேடம், ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது. எந்நேரமும் தண்ணி குட்ச்சிகினே கீறான். வெயிலுக்குன்னு நெனச்சேன்."

இவனை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். "வைவா முடிச்சிட்டுப் போகட்டுமே மேடம்? இன்டர்னல் மார்க் போயிடும்ல" என்றார். பின்னாலேயே வந்திருந்த ஜெபராஜும், "ஆமா மேடம், ரெக்கார்ட்ல சைன் மட்டும் வாங்கிக்கறேனே" என்று ஆரம்பித்தான்.

"கெளம்புடா மொதல்ல!" நான் போட்ட சத்தத்தில் பக்கத்து லேப்பிலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள்.

ஆட்டோவிலேயே வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மூச்சு வாங்கியது. நேராக ஐசியூ. "நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டிருந்தா நெனவில்லாமத்தான் கொண்டு வந்திருப்பீங்க" என்றார் டாக்டர். அவன் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

வார்டுக்கு மாற்றிய பிறகு போய்ப் பார்த்தேன். கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. "படிச்சதுதானேடா, எப்படித் தோணாம போச்சு?"

"அது பேஷண்ட்டுக்கு வர்றதுன்னு படிச்சேன் மேடம். எனக்கு வரும்னு நெனைக்கவே இல்ல."

இன்சுலின் ஊசியோடு கல்லூரிக்குத் திரும்பினான். அந்த வாரமே துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "இனிமே பசங்க சாம்பிள் வேணாம் மேடம். தண்ணியில மஞ்சக் கலர் கலந்து நார்மல்னு குடுத்துடுங்க. நமக்கு எதுக்கு வம்பு?"

ஒரு உயிர் தப்பியதற்கு அவர் வைத்த பெயர் வம்பு. வாதாடிப் பார்த்தேன், பலிக்கவில்லை. கலர் தண்ணீர்தான் வந்தது. ஆனால் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் முதல் நாளே சொல்லிவிடுவேன்: என்ன வர வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது, அதை எழுத நீங்கள் தேவையில்லை. வந்ததை எழுதுங்கள். பொருந்தவில்லையென்றால் ட்யூபைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுங்கள்.