உயரத்தில் ஆறாத புண்

ராணுவத்தில் நான் நர்சிங் அசிஸ்டெண்டாக இருந்தேன். காயத்துக்குக் கட்டுப் போடுவது, ஊசி போடுவது, காலையில் உடம்பு சரியில்லை என்று வருகிறவர்களின் விவரத்தைப் பதிவேட்டில் எழுதி டாக்டரிடம் அனுப்புவது என் வேலை. லடாக்கில், பதினோராயிரம் அடிக்கு மேலே ஒரு முகாமில் இரண்டு வருஷம் இருந்தேன். எனக்கு ராஜபாளையம் பக்கம் சோழபுரம். அந்த முகாமில் எங்கள் பக்கத்துப் பேச்சு பேசியவன் இன்னொருவன்தான். வத்திராயிருப்பு அருகே கான்சாபுரத்துக்காரன், என்னைவிட ஆறேழு வயது இளையவன்.

அவன் ஓட்டக்காரன். பட்டாளத்தில் சேருமுன் சதுரகிரி மலைக்கு அரிசி மூட்டை சுமந்தவன். கோடையில் நடக்கும் பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தால் விளையாட்டு அணிக்கு எடுப்பார்கள் என்று முகாமில் ஒரு பேச்சு இருந்தது. அதை அவன் நம்பினான்.

புதிதாக வந்தவர்கள் முதல் வாரம் ஓடக் கூடாது என்பது உத்தரவு. அதை அவன் மீறவில்லை. எட்டாம் நாள் காலையில் ஆரம்பித்தான். சமவெளியில் எவ்வளவு ஓடினானோ அவ்வளவு, காலையும் மாலையும்.

"கொஞ்சங் கொஞ்சமா கூட்டு தம்பி" என்றேன்.

"எங்கூரு மலையில அம்புட்டுச் சுமையோட ஏறியிருக்கேன்ணே. இங்க வெறுங்கையோடதான ஓடுதேன்" என்றான்.

முதலில் சளி பிடித்தது. விட்டது போல இருந்து மறுபடி பிடித்தது. ராத்திரியில் மூச்சுத் திணறி விழித்துக்கொள்வதாகவும், சோற்றைப் பார்த்தாலே வேண்டாம் போல இருப்பதாகவும் சொன்னான். பிறகு உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் கிளம்பியது. ஊரில் இருந்திருந்தால் அக்கி என்று காவி எழுதிவிட்டிருப்பார்கள் என்று சிரித்தான். ஓட்டத்தை மட்டும் நிறுத்தவில்லை.

ஒருநாள் டாக்டர் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து வந்து ஷூவைக் கழற்றினான். குதிகாலில் ஷூ கடித்த புண். பத்து நாளாகிறது என்றான். ஓரம் கூடக் காயவில்லை.

"பதிவேட்டுல எழுதிறாதீங்கண்ணே. எழுதினா ஓட்டத்துல இருந்து எடுத்துருவாங்க."

நான் எழுதவில்லை. ஊர்க்காரன் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. நான்கு நாள் யாருக்கும் தெரியாமல் மருந்து வைத்துக் கட்டினேன். ஐந்தாம் நாள் சிவப்பு கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. உடம்பு கொதித்தது. அப்போதும் அவன் ஷூவை மாட்டத்தான் பார்த்தான். பதிவேட்டை எடுத்து அவன் எதிரிலேயே எழுதினேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டாக்டர் ஒரு வடக்கத்திப் பெண். அவனை உட்கார வைத்து இந்தியில் பொறுமையாகச் சொன்னார். இந்த உயரத்தில் சும்மா இருப்பதே உடம்புக்கு ஒரு வேலை. காற்றில் பிராணவாயு குறைவு, தூக்கம் கெடுகிறது, பசி போய்விடுகிறது. அதற்கு மேல் ஓய்வே இல்லாமல் கடுமையாக ஓடினால் நோயை எதிர்க்கும் சக்தி தளர்ந்துபோகும். ஏற்கெனவே உள்ளே அடங்கிக் கிடக்கும் கிருமிகூட அப்போது தலைதூக்கும், உதட்டுக் கொப்புளம் அதுதான். புண்ணும் மெதுவாகத்தான் ஆறும். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆகும் என்றில்லை; அளவாக ஓடுகிறவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள்.

பிறகு என் பக்கம் திரும்பி, எத்தனை நாளாக உனக்குத் தெரியும் என்று கேட்டார். நான்கு நாள் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

அவனைக் கீழே சமவெளியிலுள்ள மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஊசியும் ஓய்வும் நல்ல தூக்கமுமாகப் புண் ஆறிவிட்டது. அதற்குள் ஓட்டப்பந்தயம் முடிந்துபோனது. திரும்பி வந்தவன் என்னோடு பேசவில்லை. எதிரே வந்தால் தலையை மட்டும் அசைப்பான். எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனால் போய்ச் சமாதானம் பேசவும் இல்லை.

அடுத்த கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடிப் பழகினான். பந்தயத்தில் மூன்றாவதாக வந்தான். அணிக்கு எடுக்கவில்லை.

அந்த வருஷம் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் லீவு வந்தது. ஒரே ரயில். சிவகாசி தாண்டியதும் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அன்னிக்கி நீங்க எழுதலைன்னா என் கால் போயிருக்குமாண்ணே?"

"தெரியல. தானா ஆறியிருந்தாலும் ஆறியிருக்கும்."

"முத நாளே எழுதியிருந்தா?"

"ஓட்டத்துக்கு ஒருவேளை தேறியிருப்ப" என்றேன். அதைச் சொல்லத்தான் எனக்கு ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அவன் கோபப்படவில்லை. "எழுதாதீங்கன்னு நாந்தான சொன்னேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து பையை இறக்கினான். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் அப்பா பைக்கோடு காத்திருந்தார். நான் ராஜபாளையத்தில் இறங்கினேன்.

ஒரு வாரம் கழித்து போன் செய்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி, என்ன மாத்திரை கொடுக்கலாம் என்று கேட்டான்.