வெள்ளைச் சங்குப்பூ எங்கே போனது?

போன ஞாயிற்றுக்கிழமை கடலூரில் என் பேத்திக்குப் பெயர் வைத்தோம். மருமகளின் அம்மா வீட்டில் விழா.

தொட்டிலைச் சுற்றி ஒரே ஜாடை ஆராய்ச்சி. மூக்கு அம்மாவழித் தாத்தாவுடையது, நெற்றி தாய்மாமனுடையது... "எல்லாம் எங்க வூட்டு ஜாடைதான். ஒங்க பக்கத்துது ஒண்ணும் காணுமேண்ணே" என்றார் சம்பந்தியம்மா, சிரித்துக்கொண்டே.

நானும் சிரித்துவைத்தேன். உள்ளே சுருக்கென்றது. என் மூக்கு யாருக்கு வேண்டும்? நான் தேடியது என் மனைவி வசந்தாவின் பூனைக்கண்ணை. அவள் போய் மூன்று வருடமாகிறது. மகனுக்கு அந்தக் கண் வரவில்லை. பேத்திக்காவது... ம்ஹும். கன்னங்கரேலென்று விழித்தாள்.

வசந்தாவும் நானும் சிதம்பரத்தில் ஒன்றாக விவசாயம் படித்தவர்கள். ப்ராஜெக்ட்டுக்குக் கிடைத்தது சங்குப்பூக் கொடி. பூஜைக்கு மட்டுமா அது? பயறு வகை - மாட்டுக்கு அருமையான தீவனம். வெள்ளைப்பூ ரகத்தையும் நீலப்பூ ரகத்தையும் கலக்க வேண்டும். சாயங்காலம் மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட்டு, பேப்பர் உறை மாட்டி, காலையில் மற்ற ரகத்தின் மகரந்தத்தைத் தடவ வேண்டும்.

நீலம் சேர்ந்தால் வெள்ளை அமுங்கிவிடும். அதனால் வெள்ளையை அம்மாவாக, அதாவது காய்க்கும் செடியாக, வைத்தால் தொல்லையில்லை. பிள்ளைச் செடி நீலமாகப் பூத்தால் கலப்பு பலித்தது என்று அர்த்தம். வசந்தா அவசரத்தில் நீலத்தை அம்மாவாக்கிவிட்டாள். பிள்ளைகள் அத்தனையும் நீலம். கலந்ததா, இல்லை அம்மாச் செடி தன் மகரந்தத்திலேயே காய்த்ததா?

"சாட்சி என்னம்மா?" என்றார் பேராசிரியர். டிகிரி போச்சு என்று நான் தலையில் கைவைத்தேன்.

அவள் அசரவில்லை. "வெள்ள எங்கியும் போவுல. உள்ளதான் கெடக்கு. இதுங்க வெதய வெதச்சிப் பாப்போம்."

விதைத்தோம். தினமும் வரப்பில் போய் நின்றோம். ஒரு காலையில், நீலக் கூட்டத்துக்கு நடுவே வெள்ளையாக ஒன்று - கலப்புக்குச் சாட்சி! வசந்தா என் கையைப் பிடித்தாள்; விட மறந்துவிட்டாள். எங்கள் கல்யாணம் அங்கேயே முடிவாகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

"என்னண்ணே, கோவமா?" என்று சம்பந்தியம்மா கேட்டபோதுதான் கடலூருக்குத் திரும்பினேன்.

"இல்லம்மா. உள்ளதான் கெடக்கு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. காபி கொண்டுவரப் போய்விட்டார்.

இந்தக் குட்டிக்குப் பிறக்கும் பிள்ளை ஒருநாள் பூனைக்கண்ணோடு விழிக்கலாம். பார்க்க நான் இருக்க மாட்டேன். போகட்டும்... 'இது யார் கண்ணு, நம்ம வூட்ல யாருக்கும் இல்லியே' என்று அவர்கள் தொட்டிலைச் சுற்றி நின்று குழம்பட்டும்.