எங்கள் மதிலை இடித்த மழைநாள்

புது வீட்டைப் பங்குச் சாமியார் வந்து மந்திரித்து இருபது நாள்கூட ஆகவில்லை. கூடத்தில் பெயிண்ட் வாசனை அப்படியே இருந்தது. பட்டா மாறுதல் விஷயமாக வந்த எங்கள் ஊர் வி.ஏ.ஓ. அம்மா, போட்ட நாற்காலியில் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, வெள்ளைச் சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடு இழுத்தார்.

"கோவிச்சுக்கிறாதீக டீச்சர். இந்த உயரத்துக்கு இங்க தண்ணி நின்னுருக்கு. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ."

என் கணவர் முகம் சிவந்துபோனது. அவர் காரைக்குடி செக்காலை ரோட்டில் ஓர் ஆபீசில் வேலை பார்த்தார். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. இருவருடைய சம்பளத்திலும் மிச்சம்பிடித்துக் கட்டிய வீடு அது. கண்டரமாணிக்கத்துப் பக்கம் ஒரு சிறிய ஊர் எங்களுடையது. கண்மாய்க்கரைக்குக் கீழே புது நகர் என்று பிளாட் போட்டபோது முதல் வரிசையிலேயே வாங்கினோம். "மழையே பெய்யாத சீமையில வெள்ளமாம்" என்று அந்த அம்மா போனபிறகு என் கணவர் துணியை நனைத்துக் கோட்டை அழித்தார்.

வி.ஏ.ஓ. அம்மாவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். கோவிலூர்ப் பக்கம் பிறந்தவர். ஆள் குட்டை, பேச்சும் குறைவு. பொறுப்பேற்ற முதல் மாதமே அவர் ஒரு வேலையில் இறங்கிவிட்டார். இந்த ஊருக்கு இதுவரை என்னென்ன கேடு வந்தது, எப்போது வந்தது, அப்போது தண்ணீர் எந்தத் தெரு வழியாகப் போனது என்று வீடு வீடாகக் கேட்டு ஒரு பெரிய நோட்டில் எழுதத் தொடங்கினார். யாருக்கும் வருடம் நினைவில்லை. "எங்க மூத்தவ வயித்துல இருந்தப்ப", "மச்சானுக்குப் பொண்ணு பாத்த வருசம்" என்றுதான் சொன்னார்கள். அவர் சலிக்காமல் அந்த மூத்தவளின் வயதைக் கேட்டு வருடத்தைக் கண்டுபிடித்தார்.

ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்து, மாதா கோவில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்க முடியுமா என்று என்னிடம் கேட்டார். பங்குச் சாமியாரிடம் சொல்லிக் கூட்டிப்போனேன். பழுப்பேறிய தாள்களில், ஒரு குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில், "பாதை வெள்ளத்தில் போனபடியால் வீட்டிலேயே கொடுக்கப்பட்டது" என்று எழுதியிருந்தது. இன்னொரு பக்கத்தில், கோவிலின் மூன்றாம் படிவரை தண்ணீர் ஏறியதாக ஒரு வரி. ஊர்ப் பெரியவர்கள் ஏற்கெனவே வாய்மொழியாகச் சொல்லியிருந்த அந்தப் படியின் மட்டத்தை வைத்துத்தான் என் வீட்டுச் சுவரில் அவர் கோடு போட்டிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

இரண்டு முறை கண்மாய் உடைந்திருக்கிறது. ஒரு முறை புயல், நூற்றுக்கணக்கான பனைகளைச் சாய்த்திருக்கிறது. அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் வறட்சி. நோட்டை மூடியபடி அவர் சொன்னார்: "வெள்ளத்தவிட இந்த வறட்சிதான் டீச்சர் மோசம் பண்ணிருச்சு. கண்மாய்க்குள்ள கிரிக்கெட் வெளையாண்டாக. கலுங்குத் தண்ணி போற காலு எதுன்னே மறந்து மண்ணப் போட்டு மூடிட்டாக."

கலுங்கு என்பது கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் இடம். அங்கிருந்து கீழூர்க் கண்மாய்க்கு ஒரு கால்வாய் இருந்திருக்கிறது. அந்தக் கால்வாயின் குறுக்கே இப்போது நான்கு மதில்கள் நின்றன. முதல் மதில் எங்களுடையது.

கிராம சபையில் அவர் நோட்டை எழுந்து நின்று வாசித்தபோது எங்கள் நகர்க்காரர்கள் கூச்சல் போட்டார்கள். "இத ஊர் பூராச் சொன்னீகன்னா எங்க வீட்ட எவன் வாங்குவான்?" என்று கத்தியவர் என் கணவர்தான். நான் பெண்கள் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பதிவேட்டைக் கண்ணால் பார்த்தவள் நான். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆக்கிரமிப்பு நோட்டீசுகள் வந்தன. வாங்கி அலமாரியில் வைத்தோம்.

அடுத்த ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் ஊற்றியது. நான்காம் நாள் காலை, என் மாணவர்கள் வாழ்நாளில் பார்த்திராத அளவுக்குக் கண்மாய் கடலாகக் கிடந்தது. கலுங்கில் தண்ணீர் வழிந்தது, ஆனால் போக வழியில்லை. எங்கள் மதில்களில் முட்டித் திரும்பி, கண்மாய்க் கரையின் அடிமண்ணைக் கரைக்க ஆரம்பித்தது. கரைக்கு நேர் கீழே கிழக்குத் தெரு, ஓட்டு வீடுகள். அங்கிருந்தவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிட்டு, முழங்கால் சேற்றோடு வி.ஏ.ஓ. அம்மா எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். மண் வாரும் வண்டிக்குச் சொல்லியிருக்கிறார். ரோடு அறுத்துக்கொண்டு போனதால் அது வரவில்லை.

"கரை மத்தியானம் தாங்காது" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. சட்டத்தைப் பேசவில்லை, நோட்டைக் காட்டவில்லை.

பள்ளிக்கூட வராந்தாவில் ஈரத் துணியோடு நின்ற என் வகுப்புப் பிள்ளைகளைக் காலையில்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். என் கணவரிடம், "ஏங்க, கடப்பாரைய எடுங்க" என்றேன்.

"உள்ள தண்ணி வந்துருமேடி."

"வழி விட்டா நிக்காது. நின்னாத்தான் ஏறும். நீங்க எடுக்கிறீகளா, நான் எடுக்கட்டுமா?"

அவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார். வி.ஏ.ஓ. அம்மா, பழைய வெள்ளங்களில் தண்ணீர் புகுந்த இடத்தைக் காலால் கோடு கீறிக் காட்டினார். முதல் குத்தில் சுவர் அசையவில்லை. பத்தாவது குத்தில் ஒரு கல் பெயர்ந்தது. பிறகு தண்ணீரே மிச்ச வேலையைப் பார்த்தது. மதில் விழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். திரும்பிப் போய்ச் சம்மட்டியோடு வந்தார். கிழக்குத் தெரு ஆண்கள் மண்வெட்டிகளோடு இறங்கினார்கள். பெண்கள் வரிசையாக நின்று கல்லைக் கை மாற்றினோம். கிராம சபையில் முகம் கொடுத்துப் பேசாத சனம், அன்று ஒரே மூச்சில் நான்கு மதிலையும் தரைமட்டமாக்கியது.

எங்கள் வீட்டுக்குள் கணுக்காலளவு தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் பக்கவாட்டில் இரைந்துகொண்டு ஓடியது. வி.ஏ.ஓ. அம்மா கரையோரம் நட்டுவைத்திருந்த அளவுக்குச்சியையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் ஒரு விரல் இறங்கியது. பிறகு ஒரு சாண்.

அப்போது கீழ்த்திசையில் டமடமவென்று வெடிச்சத்தம். "இந்த மழையில எவன்டா வெடி போடுறான்?" என்றார் ஒருவர். வி.ஏ.ஓ. அம்மாவின் போன் அடித்தது. கீழூர்த் தலைவர் போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது: "தாயி, தண்ணி வந்துருச்சு! எங்க கண்மாய்க்குத் தண்ணி வந்துருச்சு! எத்தன வருசம் ஆச்சு! ஊரே கரையில நிக்கிது!"

நாங்கள் தள்ளிவிட்ட ஆபத்து அவர்களுக்கு ஒரு போக விளைச்சலாகப் போய்ச் சேர்ந்திருந்தது. ஆபீசில் சிரித்தே அறியாத அந்த அம்மா, இரண்டு கையையும் மேலே தூக்கி, சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று கத்தினார். நானும் கத்தினேன். நகர்க்காரர்கள், கிழக்குத் தெருக்காரர்கள் எல்லோரும் மழையில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தினோம்.

ஒரு வீடு விழவில்லை. ஒரு ஆடு சாகவில்லை.

அவர் மாற்றலாகிப் போய்ச் சில வருடங்களாகின்றன. நாங்கள் அந்த மதிலைத் திரும்பக் கட்டவில்லை. அந்த இடத்தில் கால்வாய்க்குக் கல் பாவி, மேலே நடக்க ஒரு பலகைக்கல் போட்டிருக்கிறோம். போன மழைக்கு என் கணவரின் ஆபீஸ் நண்பர் குடும்பத்தோடு வந்திருந்தார். வீட்டை ஒட்டி ஓடும் தண்ணீரைப் பார்த்து, "என்னப்பா, பயமா இல்லையா?" என்று கேட்டார்.

என் கணவர் அவரைப் பலகைக்கல்லின் மேல் கூட்டிப்போய் நிறுத்தி, ஓடுகிற தண்ணீரைக் கைநீட்டிக் காட்டினார்.

"கீழூர்ல இன்னைக்கு நாத்து நடுறாக. அந்தத் தண்ணி எங்க வீட்டத் தொட்டுட்டுத்தான் போகுது, பாத்துக்க."