பூங்கா வாசலில் நின்ற ஐம்பத்தோரு தட்டு

ஊரார் வீட்டுக் கல்யாணத்தை நடத்திக் கொடுக்கிறவர்களுக்கு, முகூர்த்தம் முடிகிறவரை காபி கூடத் தொண்டையில் இறங்காது. சொந்த வீட்டு விசேஷத்தை ஒரு தடவையாவது முன்னால் நின்று நடத்திய உங்களுக்கு இது புரியும். நீங்களும் என் கட்சிதான். மதுரையில் பதினோரு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். மண்டபக் கல்யாணம் என்றால் கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்துவிடுவேன். போன ஆவணியில் ஒரு பூங்காவில் கல்யாணம் செய்தேன். அதிலிருந்து எங்கே கேட் சாத்துகிற சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

சிவப்பு மைக் கோடு

கல்யாணப் பெண் கார்த்திகா, கே.கே. நகரில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். மாப்பிள்ளை பிரபுவும் அதே பகுதிதான், கிளினிக்கில் வேலை. இருவரும் காலையில் நடக்கப் போன பூங்காவில் பழகியவர்கள். குப்பை சேராத கல்யாணம் வேண்டும், அதுவும் அந்தப் பூங்காவிலேயே வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். பெண்ணின் அப்பா தவமணி அண்ணன் அலங்காநல்லூர்ப் பக்கத்து விவசாயி. மகளுக்காகத் தலையை ஆட்டிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஊரில் ஒரு மண்டபத்தையும் சொல்லி வைத்திருந்தார். "பூங்காவுல ஏதாவது தடங்கல்னா எங்கப்பா எல்லாரையும் வேன்ல ஏத்திருவாருக்கா. காலத்துக்கும் 'பாதியில நின்ன கல்யாணம்'னு பேராகிப் போகும்" என்று கார்த்திகா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அன்றிலிருந்து அவள் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

மாநகராட்சிக்கு நடையாய் நடந்து அனுமதிக் கடிதம் வாங்கினேன். மரத்தில் ஆணி கூடாது, மைக் கூடாது, வெடி கூடாது, பத்து மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும், பிளாஸ்டிக் உள்ளே வரவே கூடாது. கடைசி வரிக்குக் கீழே மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. கடிதத்தை என்னிடம் கொடுத்த பூங்காக் கண்காணிப்பாளர் சிரிக்கவே இல்லை. "ஒரே ஒரு கேரி பையப் பாத்தாலும் கேட்டப் பூட்டிருவேம்மா. அப்புறம் மாப்ள உள்ள இருக்காரா, பொண்ணு வெளிய இருக்கான்னு எனக்குத் தெரியாது."

காகிதத்துக்குள் ஒளிந்திருந்தது

சமையல் பாண்டி அண்ணன். தன் கொட்டகையில் சமைத்து, பாத்திரங்களில் கொண்டுவந்து வாழையிலையில் பரிமாறுவது என்று பேச்சு. எல்லாவற்றுக்கும் சரி சரி என்றவர், முதல் நாள் சாமான் ஏற்றும்போது காபிக்குக் காகிதக் கப்புகளை மூட்டையாக வைத்திருந்தார். "காகிதம்தானம்மா" என்றார். ஒரு கப்பைத் தண்ணீரில் ஊறவைத்து, உள்பக்கத்திலிருந்து மெல்லிய படலத்தை உரித்து அவர் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். மூட்டையை இறக்கிவிட்டு, தெரிந்த வீடெல்லாம் ஏறி எவர்சில்வர் டம்ளர் வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இம்புட்டு வருசமா ஊருக்கே பிளாஸ்டிக்கையா ஊத்திக் குடுத்திருக்கேன்? சொல்லாம இருந்திருந்தா நிம்மதியாச் செத்திருப்பேன்ல!"

முகங்கள்

மதுரையில் தாலி இல்லாமல்கூடக் கல்யாணம் நடந்துவிடலாம், பேனர் இல்லாமல் நடக்காது. பிரபுவின் நண்பர்களுக்குத் தலைவர் கோரிப்பாளையம் ரியாஸ். இருபதடி ஃபிளெக்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது என்று அவருடைய வாட்ஸப் ஸ்டேட்டஸைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவரைத் தேடி ஃபிளெக்ஸ் அடிக்கிற கடைக்கு ஓடினேன். "பூங்காவுக்கு வெளியதான கட்டுறோம்?" என்று அவர் கேட்க, "சுவரும் பூங்காவோடதுதான், தம்பி" என்று நான் கத்த, கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். கடைசியில் காடாத் துணியில் பெயின்டரை வைத்து எழுதுவது என்று முடிவானது. பெயின்டர் பன்னிரண்டு நண்பர்களுக்கும் ஒரே மூக்கை வரைந்து வைத்திருந்தார். திட்டப் போகிறார்கள் என்று பயந்துகொண்டே விரித்துக் காட்டினேன். ரியாஸ் நிதானமாகப் பார்த்தார். "பரவால்லக்கா, யாரு யாருன்னு கீழ பேரு எழுதிருக்குல்ல."

எட்டாவது சுற்று

கல்யாணத்தன்று காலை ஆறரை. புங்கமரத்தடியில் மணை போட்டாயிற்று. நாற்காலிகளில் ஒரு வரிசை நடைபாதையில் ஏறியிருந்ததை நான் கவனிக்கவில்லை. கான்வாஸ் ஷூ போட்ட பெரியவர் ஒருவர் அதன்முன் வந்து நின்றார். இவர் போய்க் கண்காணிப்பாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் கதை முடிந்தது. நானே நாற்காலிகளை இழுத்துப் போட்டு வழிவிட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தபடி தாண்டிப் போனார். "எனக்கு எட்டு ரவுண்டும்மா. தாலி கட்டயில குறுக்க வந்தேன்னா, நிக்காமலே ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போயிருவேன்."

சபை

முகூர்த்தம் ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில். ஏழு ஐம்பதுக்கு வாசலில் மேளச் சத்தம் கேட்டது. பெண்ணின் தாய்மாமன் சோலைராஜ் சீர் கொண்டுவந்துவிட்டார். ஐம்பத்தோரு தட்டு. எட்டிப் பார்த்தேன். அத்தனை தட்டும் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடித்தாள் சுற்றி, மேலே பிளாஸ்டிக் ரிப்பனில் பூ வைத்துப் பளபளவென்று வெயிலில் மின்னின.

இது முழுக்க என் தப்பு. சமையல்காரரிடம் சொன்னேன், பூக்காரரிடம் சொன்னேன், பந்தல்காரரிடம் சொன்னேன். தாய்மாமனிடம் மட்டும் சொல்லவில்லை. சீரை இப்படித்தான் கொண்டுவர வேண்டும் என்று தாய்மாமனுக்கு எங்கள் பக்கம் யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் சண்டை வரும். தவமணி அண்ணனைச் சொல்லச் சொன்னேன். "மச்சினனுக்கு நான் எப்படிம்மா சொல்றது?" என்று நழுவிவிட்டார். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

கண்காணிப்பாளர் கேட்டின் ஒரு கதவைச் சாத்திவிட்டு, மற்றதில் கை வைத்துக்கொண்டு நின்றார். தாளை இங்கேயே பிரித்துவிடலாம் என்று நான் கெஞ்சினேன். சோலைராஜ் அண்ணனின் முகம் கறுத்துவிட்டது. "சீர்த் தட்டு சபையிலதாம்மா பிரியணும். ரோட்டுல பிரிக்க நான் என்ன தேங்கா யாவாரமா பண்றேன்?" தட்டேந்திய பெண்கள் வெயிலில் நின்றார்கள். தாய்மாமன் மாலை போடாமல் பெண் மணையில் உட்கார முடியாது. மணி எட்டைத் தாண்டியது. தவமணி அண்ணன் ஒதுங்கி நின்று வேன் டிரைவருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். கார்த்திகாவிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

அவள் பட்டுச்சேலைக் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து, மணைக்கு முன்னால் ஜமுக்காளத்தில் இருந்த பெரியவர்களிடம் போனாள். "எல்லாரும் கொஞ்சம் எந்திரிங்க, தாத்தா." ஜமுக்காளத்தின் ஒரு முனையை அவளே பிடித்தாள், மறுமுனையை ஓடிவந்து பிரபு பிடித்தான். கேட்டுக்கு வெளியே, ரோட்டோர நடைபாதையில், ஆட்டோக்காரர்கள் பார்க்க அதை விரித்தார்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வேட்டியை மடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். கார்த்திகா அவர்கள் நடுவில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தாள். "சபை வந்துருச்சு மாமா. பிரிங்க."

சோலைராஜ் அண்ணன் மண்டியிட்டு, முதல் தட்டின் தாளைக் கிழியாமல் அவரே பிரித்தார். அவ்வளவுதான், நாலு கையும் எட்டுக் கையுமாகச் சேர்ந்து மளமளவென்று எல்லாவற்றையும் பிரித்தார்கள். தாள், ரிப்பன் எல்லாம் அவர் வந்த வண்டிக்கே திரும்பிப் போயின. அங்கேயே மருமகள் கழுத்தில் மாலையைப் போட்டார். கண்காணிப்பாளர் இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டார். எட்டு இருபத்தாறுக்குத் தாலி ஏறியது. நான் மரத்துக்குப் பின்னால் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன்.

சாப்பாட்டுப் பந்தியில் சோலைராஜ் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டு போனேன். அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா, அம்புட்டுத் தட்டையும் வாழையிலை போட்டு மூடிக் கொண்டாந்திருப்பேனேம்மா. என்ட்ட மட்டும் ஏன் யாருமே சொல்லல?"

பூங்காவில் கல்யாணம் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒரே யோசனைதான்: மாநகராட்சியிடம் அனுமதி கேட்கப் போவதற்கு முதல் நாளே, தாய்மாமன் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.