நகராத கயிறு

கண்ணாடி பொருத்துகிறவர் தன் கயிறு இழுக்கும் அணியைப் பயிற்சியில் இழுக்கவே விடமாட்டார். நிற்பதுதான் பயிற்சி. மைதானத்து மூலையில் உள்ள இரும்புக் கம்பத்தில் கயிற்றைக் கட்டி, எட்டுப் பேரையும் முழங்கால் மடக்கிப் பின்னால் சாயச் சொல்லி, அப்படியே பிடித்து நிற்க வைப்பார். தொடை உதறும். கை மரத்துப் போகும். வியர்வை கண்ணில் இறங்கினால் துடைக்க வழியில்லை.

நிற்கும்போது பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். பேச்சு நின்றால் மூச்சை அடக்கிவிட்டான் என்று அர்த்தம். மூச்சை அடக்கியவன் சீக்கிரம் தளர்வான். தொழிலில் கண்டறிந்தது இது. கடை முகப்புக் கண்ணாடியைக் கூட்டாளி சட்டத்தில் திருகி முடிக்கும்வரை அசையாமல் தாங்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிய நாட்களில் அவர் கை நடுங்கியது. கூட்டாளியிடம் ஊர்வம்பு பேசிக்கொண்டே தாங்கியபோது நடுங்கவில்லை.

அணியின் கடைசி ஆள், கயிற்றைத் தோளில் சுற்றிக்கொள்ளும் லாரி டிரைவர், அவருடைய சகலை. மனைவியின் தங்கை கணவர்.

"பஸ் ஸ்டாப்புலகூட இவ்வளவு நேரம் நின்னதில்ல சகல. எப்பதான் இழுப்போம்?"

"இழுக்க யாருக்குத் தெரியாது? பேசிக்கிட்டே நில்லுங்க. அது ஒண்ணுதான் உங்களுக்கு நல்லா வருது."

போன இரண்டு போட்டிகளிலும் முதல் சுற்றிலேயே தோற்றிருந்தார்கள். 'நின்றே தோற்றவர்கள்' என்று பெயரும் கிடைத்திருந்தது. டிரைவர் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் தோத்தா பயிற்சி என் கையில. ஓடுவோம், மூட்டை தூக்குவோம், இழுப்போம்."

கண்ணாடிக்காரர் ஒப்புக்கொண்டார். வீட்டில் மனைவிதான் பிடித்துக்கொண்டாள். "போயும் போயும் அவருகிட்டயா வாக்கு குடுத்தீங்க? சும்மாவே தலைகால் தெரியாம ஆடுவாரு."

இந்த முறை இறுதிச் சுற்று வரை போனார்கள். எதிரே மரக்கடை ஆட்கள், தூண் தூணாக. இரு அணியும் ஆளுக்கொரு முறை வென்றிருந்தன. மூன்றாவது இழுப்புதான் முடிவு.

விசில் ஊதியதும் மரக்கடைக்காரர்கள் வெட்டி இழுத்தார்கள். கயிற்றின் நடுவில் கட்டிய சிவப்புத் துணி ஒரு சாண் அவர்கள் பக்கம் போய் நின்றது. அப்புறம் அசையவில்லை.

"இழுங்கடா! தூக்கமா?" என்று கூட்டம் கத்தியது. கயிறு நகராவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். பதினாறு பேரின் மொத்த பலமும் அந்த அசையாத துணியில்தான் வந்து முட்டிக்கொண்டிருந்தது. கயிற்றுக்கு வெளியே, வரிசையை ஒட்டி நின்ற கண்ணாடிக்காரரின் பயமெல்லாம் சகலையைப் பற்றித்தான். சிவப்பு விளக்கைப் பார்த்தே ஹாரன் அடிக்கிற மனுஷன். அவர் ஒருவர் அவசரப்பட்டு வெட்டினால் வரிசையே குலைந்துவிடும்.

"சகல, இழுக்கட்டா?"

"நில்லுங்க."

"உங்க கொழுந்தியா பாத்துக்கிட்டிருக்கா. மானம் போகுது."

"இருந்தாத்தானே போறதுக்கு."

டிரைவரையும் சேர்த்து வரிசையில் எட்டுப் பேரும் சிரித்தார்கள். சிரிப்பில் தோள்கள் குலுங்கின, கயிறு குலுங்கவில்லை. எதிரே ஒருவரும் வாய் திறக்கவில்லை. முகங்கள் உப்பிச் சிவந்திருந்தன. அவர்களில் நடுவில் நின்றவன் பிடிமானம் தேடிக் குதிகாலை லேசாக எடுத்தான்.

"இப்ப," என்றார் கண்ணாடிக்காரர். கத்தக்கூட இல்லை.

எட்டுப் பேரும் ஒரே அடி பின்னால் வைத்தார்கள். இன்னொரு அடி. சிவப்புத் துணி கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது. டிரைவர் மல்லாந்து விழுந்து வானத்தைப் பார்த்துக் கிடந்தார்.

மரக்கடை அணித்தலைவர் மூச்சு வாங்கிக்கொண்டே வந்து கேட்டார்: "எப்படிங்க பழகினீங்க?"

டிரைவர் படுத்தபடியே கையை நீட்டிக் காட்டினார். "எங்க சகலையைக் கேளுங்க. எங்க பயிற்சியெல்லாம் அவருதான். இனிமேலும் அவருதான்."

கண்ணாடிக்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. குனிந்து, ஏற்கெனவே நேராகக் கிடந்த கயிற்றை நேராக்கினார். அவர் யாரையும் லேசில் பாராட்டுகிறவர் அல்ல, தன்னையும் அல்ல. ஆனால் எட்டுப் பேர் சிரித்துக்கொண்டே தாங்கி நின்றதை அவர் கண்ணால் பார்த்தாயிற்று.

மனைவி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "சிரிச்சுத்தான் தொலைங்களேன். யாரு கேக்கப் போறா?"

அவர் சிரித்தார்.