புதுமணல்

ஐந்தாவது பூனையைச் சமைக்கிற குசினிக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவதற்குள் முதலாவது பூனை ஜன்னல் வழியாக வெளியே வந்துவிட்டது. ஜபார் அதைப் பிடித்து மறுபடியும் உள்ளே விட்டு ஜன்னலையும் சாத்தினார். ஆறாவதைக் காணவில்லை.

"நானா, அவங்க வாற நேரமாச்சு. இன்னும் பூனையோடதான் மல்லுக்கட்டா?" என்றாள் தங்கை நஃபீஸா.

அவள் வாசலில் நின்றாள். காலடியில் வெள்ளைக் கடல்மணல். காலையில் ஒரு லேண்ட்மாஸ்டர் டிராக்டர் நிறைய வரவழைத்து, பரப்பி, விளக்குமாற்றால் கோடு கோடாக இழுத்து வைத்திருந்தாள். சம்பந்தம் பேச ஆள் வரும்போது வாசலுக்குப் புதுமணல் போடாத வீட்டை அவள் வீடாக மதிப்பதில்லை.

ஜபாருக்கு ஐம்பத்திரண்டு வயது. கற்பிட்டித் துறையில் படகுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றுகிறவர். மனைவி மௌத்தாகி ஏழு வருடம். முதல் பூனை ஐஸ் பெட்டிக்குள் விறைத்துக் கிடந்தது. உடுத்திருந்த சாரத்தில் சுற்றிக்கொண்டு வந்தார். பிறகு வலையில் சிக்கிக் காலிழந்த ஒன்று. யாரோ சாக்கில் கட்டி ரோட்டில் போட்டுவிட்டுப் போன மூன்று. ஒற்றைக்கண் கடுவன் பூனை மட்டும் தானாக வந்து சேர்ந்தது.

அவை மீன் தலைகளைத் தலையணைக்கடியில் பத்திரப்படுத்தும். அரிசிச் சட்டிக்குள் தூங்கும். தொழுகைப் பாயை விரித்தால் நெற்றி வைக்கிற இடத்தில் படுத்துக்கொள்ளும். ஜபார் தலையைக் கொஞ்சம் தள்ளி வைப்பார். போன வருடம் பெண் வீட்டார் வந்தபோது ஒன்று விருந்தாளியின் செருப்பில் வாந்தியெடுத்தது. அவர்கள் பிறகு வரவில்லை.

"இந்த முற ஏதும் நடந்தா ஆறும் மீன் சந்தைக்குத்தான்," என்று நஃபீஸா சொல்லியிருந்தாள். ஜபாரும் ஓம் என்று தலையாட்டியிருந்தார். கதவுக்குப் பின்னால் பூனைகளை அடைத்துக் கொண்டுபோக மூடியோடு ஒரு மீன் பெட்டி தயாராக இருந்தது.

மர்ளியா தன் நானாவோடு த்ரீவீலில் வந்து இறங்கினாள். உப்பளத்தில் வேலை செய்பவள். அவளும் கணவனை இழந்தவள். இருவரும் கதிரையில் அமர்ந்து தேநீரை எடுத்த நேரம், வேலிக்குள்ளிருந்து ஒற்றைக்கண் கடுவன் நிதானமாக வந்து மணலின் நடுவில் நின்றது. இவ்வளவு பெரிய, இவ்வளவு சுத்தமான இடத்தை அது ஆயுளில் கண்டதில்லை. குழி தோண்டியது. குந்தியது. எல்லோரையும் பார்த்தது.

ஜபாரின் கண் மீன் பெட்டிக்குப் போயிற்று.

கடுவன் மூன்று பக்கமிருந்தும் மணலை இழுத்து மூடிவிட்டு நகர்ந்தது.

"மூடிட்டுத்தான் போறாரு," என்றாள் மர்ளியா. "எங்கட நானா பல்லு விளக்கிற தண்ணியக்கூட வாசல்லதான் துப்புவாரு."

"இதில என்னய ஏன் இழுக்கிறா?" என்றார் அவளுடைய நானா.

மர்ளியா நஃபீஸாவின் பக்கம் திரும்பினாள். "வாசல்ல மணலக் கொட்டிட்டுப் பூனையக் குத்தம் சொல்லலாமா, மதினி? பின்னால ஒரு குவியல் போட்டு வைங்க."

மதினி என்று கேட்டதும் நஃபீஸா திட்டுவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"மொத்தம் எத்தன?" என்று மர்ளியா ஜபாரிடம் கேட்டாள்.

இரண்டு என்று சொல்லத்தான் அவர் காலையிலிருந்து நினைத்திருந்தார். "ஆறு. அஞ்சு குசினிக்குள்ள."

"கதவத் திறந்து விடுங்க. உள்ள அவியும்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஜபார் அஸர் தொழுகை வரை வாசல் மணலைக் கூடையில் அள்ளிப் பின்வேலியோரம் கொட்டினார். நஃபீஸா மீன் பெட்டியைத் துறையில் திருப்பிக் கொடுத்தாள். மர்ளியாவின் நானா போனில் கல்யாணத்துக்கு ஒரு திகதி சொன்னார். ஐந்து பூனைகள் பின்பக்கம் போயின. ஒற்றைக்கண் கடுவன் வாசலுக்கே வந்தது.